புரிந்தால் தூறல்

மரக்காணத்தில் நான் மைக்செட் கடை வைத்திருந்த காலத்தில் என்னை மரியாதையாகக் கூப்பிட்டவர் ஒருவர்தான். மற்றவர்களுக்கெல்லாம் நான் ‘ஏம்பா மைக்செட்டு’. கல்யாண வீட்டில் பாட்டு பாதியில் நின்றுபோனால் ‘டேய் மைக்செட்டு’. அவர் மட்டும் கடை வாசலில் சைக்கிளை நிறுத்திவிட்டு, “ஒலிபெருக்கியாரே, இருக்கிறீர்களா?” என்பார். முதல் தடவை அவர் அப்படிக் கேட்டபோது, வேறு யாரையோ தேடி வந்திருக்கிறார் என்று நினைத்து, “அப்பிடி யாரும் இங்க இல்லீங்க, அடுத்த தெருவுல கேட்டுப் பாருங்க” என்று அனுப்பிவிட்டேன். அவரும் போய்க் கேட்டுவிட்டுத்தான் வந்தார்.

அரசாங்கத்தில் அவருக்கு விரிவாக்க அலுவலர் என்று பதவி. எதை விரிவாக்குகிறார் என்று ஊரில் யாருக்கும் தெளிவில்லை. வாக்கியத்தை விரிவாக்குவார் என்பது மட்டும் எனக்குத் தெரியும். ஊருக்கு அவர் ‘ஐயா’. பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

ஐப்பசி, கார்த்திகையில் புயல் செய்தி மேலேயிருந்து போனிலோ தந்தியிலோ இங்கிலீஷில் வரும். அதைத் தமிழாக்கி மீன்பிடிக் குப்பங்களுக்கும் உப்பளத்துக் குடிசைகளுக்கும் போய்ச் சொல்வது அவருடைய வேலைகளில் ஒன்று. மாட்டு வண்டியில் ஸ்பீக்கர் குழாயைக் கட்டி, பேட்டரியும் பெட்டியுமாக நான் உட்கார்ந்துகொள்வேன். அவர் வண்டியில் நின்றபடியே பேசுவார். உட்கார்ந்து பேசினால் கேட்கிறவர்களுக்கு மரியாதைக் குறைவாம்.

ஒல்லியான ஆள். வெள்ளைச் சட்டை. சட்டைப் பையில் எப்போதும் ஒரு சாக்பீஸ் இருக்கும். எங்கேயாவது எழுத்துப்பிழை கண்ணில் பட்டுவிட்டால் கை தானாகப் பைக்குப் போய்விடும். திண்டிவனம் பஸ்ஸின் போர்டில் யாரோ ‘மரக்கானம்’ என்று எழுதிவிட்டார்கள். பஸ் கிளம்பி நகர்கிறது. இவர் கூடவே ஓடிக்கொண்டு ‘ன’வை ‘ண’ ஆக்கப் பார்க்கிறார். கண்டக்டர் அவரைப் பஸ்ஸைப் பிடிக்க ஓடி வரும் பிரயாணி என்று நினைத்துக் கையைப் பிடித்து உள்ளே இழுத்துவிட்டார். அடுத்த ஸ்டாப்பில் இறங்கி நடந்தே திரும்பி வந்தார். “திருத்திட்டீங்களா ஐயா?” என்று கேட்டேன். “ஒரு சுழி எஞ்சிவிட்டது” என்றார். அன்று முழுவதும் முகம் வாடித்தான் இருந்தது.

என் கடை போர்டையும் அவர் விடவில்லை. ‘சவுண்டு சர்வீஸ்’ என்றிருந்ததை அழித்து, ‘ஒலியொளி அமைப்பகம்’ என்று நல்ல பெயின்டில் எழுத வைத்தார். அதற்கப்புறம் வந்த முகூர்த்தத்துக்கெல்லாம் ஜனங்கள் வேறு ஊரில் போய் மைக்செட் பிடித்தார்கள். நான் கடையைக் காலி செய்துவிட்டுப் போய்விட்டேன் என்றும், அந்த இடத்தில் ஏதோ கவர்மென்ட் ஆபீஸ் வந்திருக்கிறது என்றும் பேச்சு. ரேஷன் கார்டு கேட்டுக்கூட ஒரு அம்மா வந்து உட்கார்ந்திருந்தாள்.

சிரித்துக்கொண்டேதான் சொல்கிறேன். ஆனால் அவர் வீம்புக்காகப் பேசியவர் இல்லை. ஒருநாள் மழையில் உப்பளத்துக் கரையோரம் வண்டி சேற்றில் இறங்கிவிட்டது. தன் துண்டை எடுத்து மைக்குக்குச் சுற்றிவிட்டு, தான் நனைந்துகொண்டு நின்றார். நான் மெதுவாக, “ஐயா, கொஞ்சம் சாதாரணமா சொல்லிட்டுப் போயிடலாமே” என்றேன்.

“கலெக்டருக்கு எழுதும்போது நல்ல சொல்லாகத் தேடி எழுதுகிறோம் அல்லவா?” என்றார்.

“ஆமாங்க.”

“உப்பு வாருகிறவருக்கு மட்டும் உடைந்த சொல்லைக் கொடுப்பானேன்? அவருக்கு என்ன குறைச்சல்?”

மாட்டைத் தட்டி வண்டியை வெளியே எடுத்தோம்.

ஒரு வருஷம் மேலேயிருந்து புது உத்தரவு வந்தது. கடலோர மக்களுக்குப் புயலைப் பற்றி என்னென்ன தெரியுமோ அதையெல்லாம் கேட்டுத் தொகுத்து, மறுபடி மக்களுக்கே பரப்ப வேண்டும். ஐயாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. குப்பத்தில் கோதண்டம் என்கிற மீனவரிடம் போனோம். கட்டுமரத்தின்மேல் உட்கார்ந்து வலைக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். புயல் வருவதை எப்படித் தெரிந்துகொள்வீர்கள் என்று ஐயா கேட்டார்.

“அது என்னாங்க, வாடக் காத்து நின்னுபூடும். கடலு எண்ண ஊத்துனாப்புல கம்முனு கெடக்கும். நண்டுங்க மேல ஏறி வந்துக்கினே இருக்கும். அப்ப வலயச் சுருட்டிக்கினு வூட்டுக்குப் போயிடுவோம்.”

மறுவாரம் அதே குப்பத்தில் குழாயைக் கட்டினோம். ஐயா தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். “வாடை ஓய்ந்து, ஆழி நெய்யென அமைந்து, அலவன் மேட்டினை நாடுங்கால், வலை களைந்து இல்லம் ஏகுதல் பரதவர்க்கு நலம்!”

கோதண்டம் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். முடிந்ததும் கிட்டே வந்து, “நல்லாச் சொன்னீங்க. யாருங்க சொன்னது இது? பெரிய படிப்புப் படிச்சவரா?” என்றார்.

“நீங்கள்தான் சொன்னீர்கள்.”

“நானா?” கோதண்டத்துக்கு முகம் மலர்ந்துவிட்டது. ஓடிப்போய்ச் சம்சாரத்தைக் கூட்டிக்கொண்டு வந்து, இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். இரண்டாம் தடவையும் கேட்டு முடித்துவிட்டு, “அலவன்றது யாருங்க?” என்றார்.

“நண்டு.”

“நண்டுக்கு இவ்ளோ மரியாதயா!” என்று வியந்தபடி போனார். ஊரில் எல்லோரிடமும் தான் சொன்னதை அரசாங்கம் மைக்கில் போட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தார். என்ன சொன்னார் என்று கேட்டவர்களிடம், அதை ஐயாதான் சொல்ல வேண்டும் என்று அனுப்பிவைத்தார்.

உண்மையைச் சொன்னால் எங்கள் பக்கத்தில் ஐயாவின் பேச்சுக்கு நல்ல கூட்டம் உண்டு. உப்பளத்துக் குடிசைகளுக்கு நடுவில் வண்டி நின்றால் அடுப்பில் இருப்பதை இறக்கி வைத்துவிட்டு வருவார்கள். உட்கார்ந்திருக்கிறவர்கள் எழுந்து நிற்பார்கள். அங்கே செங்கேணி என்று ஒரு அக்கா இருந்தாள். அளத்தில் வேலை செய்யும் பெண்களுக்கு அவள் சொல்தான் சட்டம். அவளே தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு, கோயிலில் நிற்கிற மாதிரி நிற்பாள். அளத்துக் கணக்குப்பிள்ளை ஒருவர் இருந்தார். வரிக்கு வரி தலையாட்டி, “ஆகா, ஆகா” என்பார். இதையெல்லாம் பார்த்து ஐயா, தான் சொல்வது அத்தனை பேர் நெஞ்சிலும் போய்ச் சேர்கிறது என்று முழுசாக நம்பினார். நானும் நம்பினேன். வேறு எதற்காக எழுந்து நிற்கப்போகிறார்கள்?

அந்தச் சமயத்தில்தான் ஐயாவின் ஆபீசுக்குப் புது அதிகாரி வந்தார். இளவயசு. கெட்டிக்காரர். எங்கேயோ பயிற்சிக்குப் போய் வந்திருந்தார். ஆபத்துக் காலத்தில் தகவல் எப்படிப் போக வேண்டும் என்று அங்கே படம் போட்டுச் சொல்லிக்கொடுத்தார்களாம். வந்ததும் ஒருநாள் வண்டிக்குப் பின்னால் ஜீப்பில் வந்து ஐயாவின் அறிவிப்பைக் கேட்டார். கேட்டுவிட்டுத் தலையில் கையை வைத்துக்கொண்டார்.

“உங்க தமிழ் ரொம்ப அழகு ஐயா. ஆனா யாருக்குப் புரியும்?”

“அனைவருக்கும் புரிகிறது. எழுந்து நின்று கேட்கிறார்கள்.”

“இனிமே நான் எழுதித் தர்றத மட்டும் படிங்க. ஒரு வார்த்தை கூட்டக் கூடாது.”

அதிகாரி சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அதுதான் இந்தக் கதையிலேயே கஷ்டமான விஷயம்.

கார்த்திகை மாசம் ஒருநாள் காலையிலேயே வானம் சாம்பல் பூத்துக் கிடந்தது. புதுச்சேரியில் பெரிய புயல் கூண்டு ஏற்றிவிட்டார்கள் என்று செய்தி. ஆபீசில் போன் விடாமல் அடித்தது. இந்தத் தடவை புயல் நம் பக்கம்தான், கடல் உள்ளே ஏறும் என்றார்கள். அதிகாரி நாலு வரி எழுதி ஐயாவின் கையில் கொடுத்துவிட்டு, ஜீப்பை எடுத்துக்கொண்டு குப்பங்கள் பக்கம் போனார். நாங்கள் மாட்டு வண்டியில் அளத்துக்குப் போனோம்.

உப்பு வாரும் காலம் முடிந்து, குவித்து வைத்த உப்பு அம்பாரங்களுக்கு ஓலை வேய்ந்து மூடியிருந்தார்கள். ஒரு பக்கம் கால்வாய், ஒரு பக்கம் கழுவெளிச் சதுப்பு. நடுவில் கையளவு மேட்டில் குடிசைகள். கடல் உள்ளே ஏறினால் முதலில் அதுதான் போகும். வண்டி நின்றது. வழக்கம்போல எல்லோரும் வந்து நின்றார்கள். ஐயா வண்டியில் நின்று, எழுதித் தந்ததைப் படித்தார்.

“புயல் வருது. கடல் தண்ணி உள்ள வரும். இங்க இருந்தா உயிருக்கு ஆபத்து. எல்லாரும் இப்பவே கிளம்பி மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போங்க.”

அவர் வாயில் அந்தச் சொற்கள் புதுச் செருப்பு மாதிரி கடித்தன. ஆனாலும் ஒன்றைக்கூட மாற்றாமல் படித்தார். ஜனங்கள் கொஞ்ச நேரம் காத்திருந்தார்கள். மேற்கொண்டு எதுவும் வரவில்லை என்றதும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு கலைந்துபோனார்கள். ஒரு பெண் அடுப்பை மறுபடி பற்ற வைத்தாள்.

ஐயா இன்னொரு தடவை படித்தார். வண்டியை நகர்த்தி அடுத்த வரிசையில் படித்தார். காற்று ஏறிக்கொண்டே இருந்தது. அம்பாரத்து ஓலைகள் ஒவ்வொன்றாகக் கிளம்பிப் பறந்தன. குடிசைகளிலிருந்து ஒரு ஆள் வெளியே வரவில்லை. ஐயா வண்டியை விட்டு இறங்கி, செங்கேணியக்காவின் குடிசை வாசலில் போய் நின்றார். நானும் கூடப் போனேன்.

“அம்மா, நான் சொன்னது காதில் விழுந்ததா?”

“வுழுந்துச்சிங்க.”

“புரிந்ததா?”

“நல்லாப் புரிஞ்சிதுங்க. புயல் வருது, பள்ளிக்கூடத்துக்குப் போங்கன்னீங்க.” அவள் ஐயாவின் முகத்தை உற்றுப் பார்த்தாள். “ஒடம்பு எதுனா சரியில்லீங்களா?”

“பிறகு ஏன் கிளம்பவில்லை?”

அவளுக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. “புரியிற மாதிரிதானங்க சொன்னீங்க? புரிஞ்சா சும்மா தூறல்தான. பெருசா வந்தா நீங்க வேற மாதிரில்ல பேசுவீங்க?”

நான்தான் கேட்டேன். “என்னாக்கா சொல்ற? அப்ப இத்தினி வருசமா ஐயா பேசுனது?”

“அது எங்களுக்கு எங்கப்பா புரியும்?” என்று சாதாரணமாகச் சொன்னாள். “மொத வருசம் ஒரே ஒரு வார்த்த புரிஞ்சிது. தாழ்வுன்னாரு. சரி, தாழ்ந்துபூட்டுது, போயிட்டுதுன்னு அளத்துக்குப் போனோம். அன்னிக்குக் கொட்டுச்சு பாரு மழ, ஒரு அம்பாரம் கரஞ்சே போச்சி. அதுலேர்ந்து புரிஞ்சிக்கிறதே இல்ல. கொஞ்சமா புரியலன்னா மழ. ஒண்ணுமே புரியலன்னா மூட்டயக் கட்டுவோம். ஒரு தபாகூட தப்புனது கெடயாது.”

அவள் சொன்னது நிஜம்தான் என்று எனக்கு அப்போதே பட்டது. சின்ன மழைக்கு மேலேயிருந்து ஒரு வரிதான் வரும். ஐயாவும் சுருக்கமாக முடித்துவிடுவார். பெரிய புயலென்றால் செய்தி நீளமாக வரும். ஐயா அதை இன்னும் நீட்டுவார். கஷ்டமான சொல் கூடக்கூட ஆபத்தும் கூடும். அளத்து ஜனங்கள் அதைக் காதாலேயே அளந்து வைத்திருந்தார்கள்.

ஐயாவின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. குடிசையின் கூரைக்கழியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஜனங்கள் எழுந்து நின்று கேட்ட அத்தனை வருஷமும் அவருடைய கண் முன்னால் வந்து போயிருக்க வேண்டும். பிறகு வண்டிக்குப் போனார். ஏறினார். அதிகாரி எழுதிக்கொடுத்ததை மடித்து என்னிடம் நீட்டினார். மைக்கைக் கையில் எடுத்தார்.

“உப்பளப் பெருங்குடி மக்களே! வங்கப் பேராழியின் நடுவண் உருக்கொண்ட கடுஞ்சூறை வெகுண்டெழுந்து, வடமேற்கு முகமாக விரைந்து, நம் நெய்தல் நிலத்தைப் பற்றிப் படரக்கூடும்! ஓதம் கரை கடந்து உட்புகக்கூடும்! ஆதலின் ஆடவரும் மகளிரும் முதியோரும் மழலையரும் உடைமை துறந்து, உயிரே பெரிதெனக் கருதி, மேட்டு நிலக் கல்விக்கூடம் நோக்கி ஏகுக! ஏகுக! ஏகுக!”

அவர் பேசிய நூறு பேச்சில் அதுதான் சிறந்தது. குரல் ஓரிடத்திலும் பிசகவில்லை. ஒரு சொல்லும் குடிசைகளில் ஒருவருக்கும் புரியப்போவதில்லை என்று தெரிந்து அவர் பேசிய ஒரே பேச்சும் அதுதான்.

முதல் வரியிலேயே குடிசைகளிலிருந்து தலைகள் எட்டிப் பார்த்தன. ‘நெய்தல்’ வந்ததும் செங்கேணியக்கா முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டாள். ‘ஏகுக’ என்று மூன்றாம் தடவை சொன்னபோது அவள் திரும்பி நின்று கத்தினாள். “ஏகுகா வருதாம்டி! எளுந்துருங்க! புள்ளைங்களத் தூக்குங்க!”

“ஏகுகாவா? அய்யய்யோ, ஏகுகா வருதாம்!” என்று வரிசை வரிசையாகச் சத்தம் போனது. அடுப்புகள் அணைந்தன. சட்டியும் பாயும் கோழியும் ஆடுமாக ஜனங்கள் கரைமேல் ஏறினார்கள். நடக்க முடியாதவர்களை எங்கள் வண்டியில் ஏற்றினோம். ஐயா சேற்றில் இறங்கி, பின்னாலிருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

கணக்குப்பிள்ளை ஒருவர்தான் கிளம்பவில்லை. அங்கே ஐயாவின் பேச்சு புரிந்த ஒரே மனுஷர் அவர். “படரக்கூடும்னுதான சொன்னாரு? உட்புகக்கூடும்னாரு. கூடும்னா வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம்” என்று இலக்கணம் பார்த்துச் சொல்லிவிட்டு அளத்து ஆபீசுக்குள்ளேயே இருந்துவிட்டார். புயல் போன பிறகு அவரை ஆபீஸ் கூரையின் மேலிருந்து ஏணி வைத்து இறக்கினார்கள். வேட்டி எங்கே போனது என்று அவருக்கே தெரியவில்லை.

குடிசை ஒன்றும் மிஞ்சவில்லை. அம்பாரங்கள் இருந்த இடம் தெரியவில்லை. பாத்தியெது கால்வாயெது என்று பிரிக்க முடியாதபடி ஒரே தண்ணீர். ஆனால் பள்ளிக்கூடத்தில் எண்ணிப் பார்த்தால் குடிசைக்காரர்கள் எல்லோரும் இருந்தார்கள். செங்கேணியக்கா பெரிய சட்டியில் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தாள். ஐயா தாழ்வாரத்தில் தனியாக உட்கார்ந்திருந்தார்.

“எல்லாரும் வந்துட்டாங்களே ஐயா” என்றேன், அவரைத் தேற்றுகிற மாதிரி.

“வந்துவிட்டார்கள்” என்றார். பிறகு, “ஒலிபெருக்கியாரே, இத்தனை ஆண்டுகளாக நான் யாரிடம் பேசிக்கொண்டிருந்தேன்?” என்றார். செங்கேணியக்காவிடம் கஞ்சி வாங்கிவந்து அவர் கையில் கொடுத்தேன்.

அதிகாரி நேரில் வந்து ஐயாவைக் கட்டிக்கொண்டார். எளிய நடையில் அறிவித்ததால் ஒரு உயிர்கூடப் போகவில்லை என்று மேலே எழுதிவிட்டதாகச் சொன்னார். ஐயா எழுந்து நின்று, நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். அதிகாரி முழுசாகக் கேட்டார். கடைசியில், “ரிப்போர்ட் போயிடுச்சே ஐயா” என்றார்.

மாசி போய்ப் பங்குனி வந்தது. குடிசைகளை மறுபடி கட்டியிருந்தார்கள். அளத்திலும் உப்பு விளையத் தொடங்கியிருந்தது. ஐயா ரொம்ப மாறிப்போயிருந்தார். சாயங்காலங்களில் குடிசைகளுக்குப் போய், சும்மா உட்கார்ந்து பேசிவிட்டு வருவார். என்ன பேசுவார் என்று கேட்டதற்கு, “கேட்டுக்கொண்டிருக்கிறேன்” என்றார். அப்போதுதான் அதிகாரியின் ரிப்போர்ட்டுக்கு மேலேயிருந்து பலன் வந்து சேர்ந்தது. எங்கள் ஊர் வெற்றியைப் பார்த்து, இனி எல்லா இடத்திலும் புயல் அறிவிப்புகள் எளிய தமிழில் இருக்க வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை போட்டிருந்தார்கள். அதைக் கடலோரத்தில் எல்லா இடத்திலும் மைக்கில் படித்துக் காட்ட வேண்டுமாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. தலைக்குமேல் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. வானத்தில் பஞ்சளவு மேகம் கிடையாது. பெண்கள் வெள்ளை வெளேரென்று உப்பை வாரிக் கரையில் குவித்துக்கொண்டிருந்தார்கள். ஐயா வண்டியில் நின்று, எந்த ஏற்ற இறக்கமும் இல்லாமல் படிக்கத் தொடங்கினார்.

“பேரிடர்க் காலத் தகவல் பரிமாற்ற நெறிமுறைகளை எளிமைப்படுத்துதல் தொடர்பாக, பார்வையில் காணும் ஆணைக்கிணங்க, இதன்வழி பொதுமக்களுக்கு அறிவுறுத்தப்படுவது யாதெனில், மேற்படி நெறிமுறைகள் உரிய முறையில் செயற்படுத்தப்படாவிடத்து...”

உப்பு வாருகிற சத்தம் நின்றது. நான் நிமிர்ந்து பார்த்தேன். பெண்கள் கூடைகளைப் போட்டுவிட்டுக் குடிசைகளைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தார்கள். ஐயா படிப்பதை நிறுத்தினார்.

“ஒண்ணும் இல்லம்மா! இது வெறும் உத்தரவு! போய் வேலையப் பாருங்க!” என்று மைக்கிலேயே கத்தினார். அவர் அப்படிப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

செங்கேணியக்கா மூட்டையைக் கட்டிக்கொண்டே சொன்னாள். “அன்னிக்கும் இப்பிடித்தானங்க மொதல்ல சாதாரணமாப் பேசுனீங்க. நீங்க கவலப்படாதீங்க ஐயா, நாங்க பாத்துக்கிறோம். ஏய், சீக்கிரம் கெளம்புங்கடி!”

ஐயா அண்ணாந்து வானத்தைப் பார்த்தார். பிறகு மைக்கை அணைத்து என்னிடம் கொடுத்துவிட்டு வண்டியை விட்டு இறங்கினார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியாமல் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். சிரித்துக்கொண்டுதான் இருந்தார். துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, செங்கேணியக்காவின் கையில் இருந்த கோழிக்கூடையை வாங்கிக்கொண்டார். எரிக்கிற வெயிலில் எல்லோரும் கரைமேல் வரிசையாக நடந்தார்கள். நடுவில் அவரும் நடந்தார். நான் வண்டியில் பின்னால் போனேன்.

பாதி வழியில் ஐயா என்னவோ நினைவு வந்தவராக நின்றார்.

“இன்னிக்கு ஞாயித்துக்கெழமயாச்சே. ஸ்கூல் சாவி யாருகிட்ட இருக்குது?”

நாலைந்து பேர் ஒரே சமயத்தில் திரும்பிப் பதில் சொன்னார்கள்.